ராத்திரி பத்தரை மணிக்கு நாயைப் பாம்பு கடித்தால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எந்தப் பக்கம் ஓடுவது?

கேட்டவர் கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவில் தென்னந்தோப்பில் குடியிருப்பவர். போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அவருடைய நாய் மோட்டார் ரூம் பக்கம் குரைத்துவிட்டுத் திரும்பி வந்தது. மூக்கருகே வீங்க ஆரம்பித்தது. வீட்டில் பச்சிலை அரைத்துப் பூசி, கொஞ்சம் உள்ளுக்கும் ஊற்றி, விடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று படுத்துவிட்டார்கள். நாலு மணிக்குப் பார்த்தால் ஈறிலும் மூக்கிலும் ரத்தம். ஆறு மணிக்கு வண்டியில் ஏற்றும்போதே உயிர் போய்விட்டது. என்ன செய்திருக்க வேண்டும், எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், விஷமுறிவு மருந்தை வீட்டிலேயே வாங்கி வைக்கலாமா என்று கேட்கிறார். வீட்டில் இரண்டு பூனையும் ஒரு நாய்க்குட்டியும் இருக்கின்றன, அவற்றுக்காகவாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார்.

நான் இந்தக் கேரள-தமிழக எல்லைப் பக்கம் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்க வந்து இருபது வருஷம் ஆகப் போகிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது, ஏனென்றால் இதே கதையை இதே வரிசையில் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன்: உங்கள் நாய்க்கு நேரம் இருந்தது. முகம் வீங்கியதற்கும் ரத்தம் கசிந்ததற்கும் நடுவே இருந்த அந்த ஐந்தரை மணி நேரம்தான் வைத்தியத்துக்கான நேரம். உங்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பாம்புக்கடியில் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நீங்கள் சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் கண்ணாடி விரியன். கடித்த இடம் வேகமாக வீங்கும், வலி அதிகம், சில மணி நேரத்தில் ரத்தம் உறையும் தன்மையை இழக்கும். பிறகு ஈறு, மூக்கு, சிறுநீர் என்று எங்கிருந்தும் ரத்தம் வரும். பிழைத்தாலும் அடுத்த சில நாளில் சிறுநீரகம் கெடலாம். நாகப்பாம்பும் கட்டுவிரியனும் வேறு விதம். அவற்றின் விஷம் நரம்பைத் தாக்கும். நாய் தள்ளாடும், கண் இமை தொங்கும், குரல் மாறும், கடைசியில் மூச்சுத் தசை ஓய்ந்துவிடும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் இருக்காது, பல்லின் தடமும் தெரியாது. ராத்திரி நன்றாக இருந்த நாய் காலையில் பின்னங்காலை இழுத்துக்கொண்டு நின்றால் எங்கள் சந்தேகம் முதலில் கட்டுவிரியன் மேல்தான் போகும். சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனைப் போல ரத்தத்தைக் கெடுப்பதுதான்.

இந்த நாலு பாம்புக்கும் சேர்த்து நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. மனிதருக்குப் போடுகிற அதே குப்பிதான் நாய்க்கும். அதற்கு வேண்டிய விஷத்தை மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறை தூளாக வரும் அந்த மருந்தைக் கரைக்கும்போதும் அந்த மனிதர்களை நினைத்துக்கொள்வேன்.

மருந்தின் அளவைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "சின்ன நாய்தானே, பாதிக் குப்பி போதாதா?" என்று கேட்பார்கள். பாம்பு நாயின் எடையைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. உள்ளே போன விஷத்தை முறிக்கத்தான் மருந்து. அதனால் நாலு கிலோ பொமரேனியனுக்கும் முப்பது கிலோ லேப்ரடாருக்கும் ஒரே அளவு தேவைப்படலாம், சின்ன நாய்க்கு ஆபத்துதான் கூடுதல். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் இன்னும் ஆட்சி செய்கிறது என்று அர்த்தம். பெரிய லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம், எந்தக் கிராமத்திலும் செய்யலாம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நெல்லியாம்பதி அடிவாரத் தோட்டங்களில் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. மலையாளத்தில் முழமூக்கன் என்பார்கள். அதன் விஷத்துக்கு நம் நாட்டு விஷமுறிவு மருந்து வேலை செய்வதில்லை. வீக்கம், ரத்தக் கசிவு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் பாம்பைப் பார்த்திருந்தால், தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கவோ பிடிக்கவோ போக வேண்டாம். நாயைக் காப்பாற்றப் போனவரையே ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரிகளையும் பார்த்திருக்கிறேன்.

பேச்சு மாறுவதிலும் கவனம் வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் டாக்டரிடம் போனில் சொல்லும்போது கண்ணாடி விரியன் என்றால் சிலருக்கு உடனே பிடிபடாது. அங்கே அது அணலி. நாகப்பாம்பு மூர்க்கன், கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன். இந்த மூன்று சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் அரை நிமிஷத்தில் விஷயம் போய்ச் சேரும்.

சரி, கடித்தவுடன் என்ன செய்வது? நாயை நடக்க விடாதீர்கள், தூக்குங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், முகமும் கழுத்தும் வீங்கும்போது அதுவே தூக்குக் கயிறாகிவிடும். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள். இதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். விழுங்கும் சக்தி குறைந்த நாய்க்குப் பச்சிலைச் சாறோ பாலோ எண்ணெயோ ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போகும். பாம்பிடமிருந்து மீட்ட நாயை மூன்றாம் நாள் நிமோனியாவுக்குப் பறிகொடுத்ததுண்டு. ஒருவர் வண்டியை எடுக்கும்போதே இன்னொருவர் போன் செய்ய வேண்டும்.

அந்தப் போனில் முதல் கேள்வி "டாக்டர் இருக்கிறாரா" என்பதல்ல, "பாம்புக்கடி மருந்து கைவசம் இருக்கிறதா" என்பதுதான். எந்தப் பக்கம் ஓடுவது என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இதுவே. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சியும் பாலக்காடும் கிட்டத்தட்ட ஒரே தூரம், கோவை இன்னும் கொஞ்சம் கூட. மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி பெரிய இடம், எல்லா வசதியும் உண்டு, ஆனால் திருச்சூர் வரை போக வேண்டும். மொழியும் மாநிலமும் பார்க்காமல், அந்த ராத்திரியில் யாரிடம் மருந்தும் ஆளும் இருக்கிறதோ அங்கே போங்கள். ஊர் மிருகாஸ்பத்திரி பகலில் நமக்குப் பெரிய துணை. ராத்திரியில் யார் போன் எடுப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து, எல்லையின் இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டு நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். 1962 என்ற இலவச எண் இரண்டு மாநிலத்திலும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கானது. அதையும் எழுதுங்கள், ஆனால் அந்த வண்டி வரும் என்று வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மருந்தை வீட்டில் வாங்கி வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். அது தசையில் குத்துகிற ஊசி இல்லை. கரைத்து, ரத்தக் குழாய் வழியாக ட்ரிப்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். குதிரைப் புரதம் என்பதால் சில நாய்க்கு ஒவ்வாமை வந்து நிமிஷத்தில் ரத்த அழுத்தம் விழும், பக்கத்தில் அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும். அதைவிட, உங்கள் டாக்டரிடம் எத்தனை குப்பி இருப்பு உண்டு, தீர்ந்தால் எந்த மெடிக்கலில் கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள். அவரும் உங்கள் கேள்விக்காகவே நாலு குப்பி கூடுதலாக வாங்கி வைப்பார்.

ஒரு நாகப்பாம்புக் கடியைப் பற்றிச் சொல்கிறேன். வண்ணாமடைப் பக்கத்திலிருந்து ஒரு நாட்டு நாயைக் கொண்டுவந்தார்கள். மூச்சு நின்றேவிட்டது, இதயம் மட்டும் துடித்தது. குழாய் போட்டு, ஆம்பு பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தோம். என்னிடம் வென்டிலேட்டர் கிடையாது. அந்த வீட்டுப் பெரியவர், மகன், மருமகள், நான் என்று மாறி மாறி விடியும்வரை அழுத்தினோம். விஷமுறிவு மருந்தும், ஓய்ந்த தசையை மீட்கிற நியோஸ்டிக்மின் ஊசியும் வேலை செய்ய ஆரம்பித்து, காலையில் அது தானாக ஒரு மூச்சு இழுத்தபோது மருமகள் அழுதுவிட்டார். நரம்பு விஷத்தில் மூச்சை மட்டும் பிடித்து வைத்தால் போதும், உடம்பு திரும்பி வரும். வந்து சேர்ந்தால்தானே பிடித்து வைக்க முடியும்?

அடுத்து விஷம். தோப்பும் வயலும் சூழ்ந்த ஊரில் இது பாம்புக்குச் சமமான எதிரி. பூச்சி மருந்து உள்ளே போன நாய்க்கு எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாந்தி, பேதி, உடம்பெல்லாம் நடுக்கம். இதற்கு அட்ரோபின் இருக்கிறது, சீக்கிரம் வந்தால் பிழைக்கும். மேலே பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள். எலி மருந்தில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் கொல்லும் விதம் வேறு. கேக் மாதிரி வருகிற வகைகளில் சில ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற அன்று நாய் துள்ளிக்கொண்டிருக்கும், மூன்று நாலு நாள் கழித்துத்தான் ரத்தம் கசியும். அன்றைக்கே வந்தால் வைட்டமின் கே1 மாத்திரையை மூன்று நாலு வாரம் கொடுத்தால் தீர்ந்தது. கறுப்புத் தூளாக வரும் துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறும். அதைத் தின்ற நாய்க்குச் சோறு வைத்தால் அமிலம் கூடி வாயுவும் கூடும். வாந்தி எடுத்தால் அந்த வாயுவை நீங்களும் சுவாசிக்கக் கூடாது, வண்டிக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். இத்தனை வித்தியாசம் இருப்பதால்தான் பாக்கெட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறோம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்த உப்பே மூளையைப் பாதித்துக் கொல்லும்.

மலையடிவாரத்தில் அவுட்டுக்காய் என்கிற கொடுமையும் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற வெடியை நாய் கடித்துத் தாடை சிதறி வரும். பார்க்கவே முடியாது. அப்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள்: முகம் பயங்கரமாகத் தெரிந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது மூச்சு வழி. நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ரத்தம் வெளியே வழியும்படி தலையைத் தாழ்த்திக் கொண்டுவாருங்கள். பன்றி கொம்பால் குத்திக் குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான வேட்டித் துணியால் மூடிச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

இனி உங்கள் பூனைகள். பூனை கடைசிவரை காட்டிக்கொள்ளாது. நாய் பத்தரை மணிக்குச் சொல்வதைப் பூனை விடிகாலையில்தான் சொல்லும். ஆண் பூனை மண்ணில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால், மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது மூத்திரக் குழாய் அடைப்பு. இரண்டு நாளுக்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். டியூப் போட்டு, ட்ரிப் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு பூனையை வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலே மலச்சிக்கல் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் அது இல்லை. அன்றிலிருந்து எந்த ஆண் பூனை வந்தாலும் முதலில் மூத்திரப்பையைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது களைப்பு இல்லை, ஆபத்து. அப்போது அதைத் துரத்திப் பிடிக்காதீர்கள், போராட்டத்திலேயே போய்விடும். மூடிய கூடையில் மெதுவாக வைத்து, இருட்டாக, சத்தமில்லாமல் கொண்டுவாருங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அதைச் செரிக்கிற வழி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும், ஈறு பழுப்பாகி முகம் வீங்கும். நாய்க்கு உண்ணிக்காக முதுகில் விடுகிற பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம். இரண்டும் ஒன்றாகப் படுக்கிற வீட்டில் கவனம்.

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக் மாதிரி மூக்கு சப்பையான நாயும், வெயிலில் கட்டிப் போட்ட எந்த நாயும் சரிந்துவிடலாம். உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உறுப்புகள் கெட ஆரம்பிக்கும். இந்த ஒன்றில் மட்டும் முதலில் ஓட வேண்டாம், முதலில் குளிரவையுங்கள். கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்று வீசச் செய்து, பிறகு வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். 39.5 டிகிரி வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

நெஞ்சு ஆழமான பெரிய நாய் சாப்பிட்ட பிறகு ஓங்கரித்து, ஒன்றும் வெளியே வராமல், வயிறு மத்தளம் போல உப்பினால் வயிறு திருகியிருக்கலாம். அறுவை செய்தால்தான் பிழைக்கும், அதனால் அறுவை செய்யக்கூடிய இடத்துக்கே நேராகப் போங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும் புறப்பட்டுவிடுங்கள்.

எச்சில் ஒழுக, கீழ்த்தாடை தொங்க, குரல் மாறி நிற்கிற நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் தெரியும். தெரியாமல் கையை விட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நாயைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூச்சும் துடிப்பும் நின்றுவிட்டால்? ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சு அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு இரண்டு முறை வாயைப் பொத்தி மூக்கு வழியே ஊத வேண்டும். நாய் பூனைகளுக்கென்றே 2012-இல் வெளிவந்து 2024-இல் புதுப்பிக்கப்பட்ட ரிகவர் வழிகாட்டுதல் சொல்வது இது. இப்படி நின்றபின் மீண்டு வீட்டுக்குப் போகிறவை நூற்றுக்குப் பத்துகூட இல்லை. அதனால்தான் நிற்பதற்கு முன்பே வாருங்கள் என்று கெஞ்சுகிறோம்.

இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது என்று தோன்றும். இரண்டை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், முப்பதுக்குள் இருக்க வேண்டும். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுப்பு, நீலம், பழுப்பு, செங்கல் சிவப்பு எதுவானாலும் கடிகாரத்தைப் பார்க்காமல் கிளம்புங்கள். சில நாய்க்கு ஈறே கறுப்பாக இருக்கும், அதற்குக் கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்க்கலாம்.

உங்கள் குட்டிக்கு இப்போதே இதைப் பழக்குங்கள். தினமும் சாதம் வைப்பதற்கு முன் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் அதுவே வாயைக் காட்டிக்கொண்டு நிற்கும். பார்வோ தடுப்பூசியும் வெறிநோய் ஊசியும் போட்டாச்சா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லையென்றால் இந்த வாரமே மிருகாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், ராத்திரி நம்பரையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் ரூம் பக்கம் அடுக்கிக் கிடக்கும் மட்டையையும் பன்னாடையையும் அப்புறப்படுத்தி, ஒரு விளக்கும் போட்டுவிடுங்கள்.